பண்டித ரமாபாய் அம்மையாரும் வெள்ளைக்கார சகோதரிகளும்



இந்த மாதம் ஒரு தேவ ஊழியக்காரியின் ஜீவிய சரித்திரத்தை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு காரியத்தை அறிக்கை செய்யவேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தக் காரியம் நடந்திராவிட்டால் நான் இந்த அம்மையாரின் புத்தகங்களைத் தேடிப் படித்திருக்கவே மாட்டேன்.

போன வருஷம் நம்ம பெண்கள் கூடுகைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சகோதரி வந்திருந்தார். நல்ல தேவ பிள்ளை, அவர்மேல் குறை ஒன்றும் இல்லை. சால்வை போட்டு, மாலை போட்டு, மேடைக்கு அழைத்து ஒன்றரை மணி நேரம் பேசவைத்தோம். நான்தான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். பெண்கள் கூட்டம் என்று பேரே தவிர, ஆண்களும் மூப்பர்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டோம். கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவுகிற இடத்தில் நம்ம சபை சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். விடியற்காலம் ஜெபித்துவிட்டு கம்பெனி பஸ் ஏறுகிறவர். ஆறு வருஷமாக ஒரே ஒரு ஞாயிறு செய்தி கொடுக்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் பவுலின் நிருபத்தைத் திறந்து அவருக்குக் காட்டி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அவர் கேட்டது இதுதான். ஐயா, அந்த வசனம் அந்தம்மாவுக்குக் கிடையாதா? தோல் வெள்ளையா இருந்தா வசனம் மாறிடுமா?

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், தூக்கமும் வரவில்லை. எண்ணாகமம் 12-ம் அதிகாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மிரியாம் சாதாரண பெண் இல்லை. தீர்க்கதரிசி. தம்புரு எடுத்து இஸ்ரவேல் ஸ்திரீகளையெல்லாம் நடத்தினவள். பெண்களுக்குத் தலைவி. அவளேதான் மோசேயின் எத்தியோப்பிய மனைவியைக் குறித்துப் பேசினாள். பேசினவளுக்குக் கர்த்தர் கொடுத்த தண்டனையைக் கவனித்தீர்களா? அவள் உடம்பெல்லாம் வெள்ளையாய்ப் போயிற்று. ஆரோனும் கூடத்தான் பேசினான். நான் ஆரோன் இடத்தில் நின்றேன் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குப் புரிந்தது.

பைபிள் காலேஜில் சபை சரித்திரம் படிக்கும்போது பண்டித ரமாபாயைப் பற்றி இரண்டு வரி படித்த ஞாபகம் இருந்தது. விதவைகளுக்கு இல்லம் நடத்தினவர், எழுப்புதல் கண்டவர், அவ்வளவுதான். வெள்ளைக்கார சகோதரிகளோடு அவருக்கு இருந்த போராட்டத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

1858-ம் வருஷம் ஏப்ரல் 23-ம் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டில் பிறந்தார் ரமாபாய். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்கரே, மராட்டி சித்பாவன் பிராமணர். தன் மனைவிக்கு சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். பெண்ணுக்கு வேதபாஷை எதற்கு என்று மற்ற பண்டிதர்கள் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. தாயார் லட்சுமிபாய் தாம் கற்றதை மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். இந்தக் குடும்பம் ஊர் ஊராய், கோயில் கோயிலாய் நடந்து புராணம் வாசித்துப் பிழைத்தது. பாகவதம் முழுவதும் ரமாபாய்க்கு மனப்பாடம்.

1870-களில் பஞ்சம் வந்தது. கையில் இருந்ததையெல்லாம் கோயிலுக்கும் பிராமணர்களுக்கும் தானம் செய்துவிட்டு, கடைசியில் இந்தக் குடும்பம் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? திருப்பதி. காட்பாடியில் ரயில் ஏறினால் நமக்கு ஒரு காலை நேரப் பயணம். அந்த மலைக் காட்டுக்குள் போய்ப் பதினொரு நாள் தண்ணீரும் இலையும் தின்று கிடந்தார்கள். கூலி வேலை செய்ய குலப் பெருமை இடம் கொடுக்கவில்லை, பிச்சை எடுக்க வெட்கம். கண் தெரியாத வயதான தகப்பனார் புண்ணிய தீர்த்தத்தில் மூழ்கி உயிரை விடுவது என்று தீர்மானித்து, மகளை மடியில் வைத்து அழுது ஆசீர்வதித்தார். அப்போது அண்ணன் சீனிவாசன், ஜாதியைப் பார்க்காமல் கூலி வேலைக்குப் போகிறேன் என்று தடுத்தான். ஆனால் சில நாளில் தகப்பனார் காய்ச்சலில் மரித்தார். பின்னால் தாயாரும் போனார். தாயாரின் சரீரத்தைத் தூக்க நாலு பேர் கிடைக்கவில்லை. இரண்டு பேர்தான் இரங்கி வந்தார்கள். மூன்றாவது ஆள் அண்ணன், நாலாவது ஆள் ரமாபாய். குள்ளமாய் இருந்ததால் தோளில் தாங்க முடியாமல் தலையில் வைத்துச் சுமந்தார். மூத்த சகோதரியும் மரித்தார். அண்ணனும் தங்கையும் மட்டும் ஆயிரக்கணக்கான மைல் நடந்தார்கள்.

1878-ல் கல்கத்தா. அங்கே பண்டிதர்கள் இந்த இருபது வயதுப் பெண்ணைச் சோதித்துப் பார்த்து பண்டிதா, சரஸ்வதி என்று பட்டம் கொடுத்தார்கள். அதே ஊரில்தான் முதல்முதலாய் ஒரு கிறிஸ்தவ கூட்டத்துக்குப் போனார். எல்லாரும் நாற்காலிக்கு முன் முழங்கால் போட்டதைப் பார்த்து, இவர்கள் நாற்காலியைக் கும்பிடுகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தாராம்! (நம்ம கூட்டத்துக்குப் புதிதாய் வருகிறவர்கள் என்ன நினைக்கிறார்களோ.) 1880-ல் அண்ணன் மரித்தார். அதே வருஷம் பிபின் பிஹாரி மேதாவி என்ற வங்காள வக்கீலை, பிராமணரல்லாதவரை, விவாகம் செய்தார். மனோரமா என்று ஒரு பெண் குழந்தை. 1882 பிப்ரவரியில் காலரா வந்து கணவரும் போனார். இருபத்துமூன்று வயதில் கைக்குழந்தையோடு விதவை.

பூனாவுக்கு வந்து ஆரிய மகிளா சமாஜம் என்ற பெண்கள் சங்கத்தை ஆரம்பித்தார். அந்த வருஷம் ஹண்டர் கமிஷன் முன்னால் சாட்சி சொன்னார். இந்தியப் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டுச் சாகிறார்கள், பெண் டாக்டர்களும் பெண் ஆசிரியைகளும் வேண்டும் என்றார். வேலூர்க்காரர்களாகிய நமக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் அம்மா 1918-ல் நம்ம ஊரில் பெண்களுக்கு மெடிக்கல் ஸ்கூல் திறந்தது இதே பாரத்தினால்தான். ஆனாலும் அந்த ஸ்தாபனத்தின் தலைமை ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்ணின் கைக்கு வர 1940-களின் கடைசி ஆகிவிட்டது.

ரமாபாய்க்குத் தானே டாக்டராகவேண்டும் என்று ஆசை. 1883-ல் மகளோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வான்டேஜ் என்ற ஊரில் பரிசுத்த மரியாள் கன்னிமடத்து சகோதரிகள் தங்க இடம் கொடுத்தார்கள். அவர் சும்மா போய் உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். கப்பல் செலவுக்குத் தான் எழுதிய மராட்டி புத்தகத்தின் பணம், சாப்பாட்டுக்கு இந்தியா வரப்போகும் சகோதரிகளுக்கு மராட்டி பாடம், என்று பேசிக்கொண்டு போனார். அந்த வருஷம் செப்டம்பர் 29-ம் தேதி அங்கே அவரும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். காது மந்தமானதால் டாக்டர் படிப்பு முடியாமல் போயிற்று.

இனிமேல்தான் போராட்டம். ஜெரால்டின் என்ற சகோதரி அவருக்கு ஆவிக்குரிய தாயாய் இருந்தார். ரமாபாய் அவரைப் பாட்டி என்று மராட்டியில் ஆஜிபாய் என்றே அழைத்தார். அன்பு உண்மையான அன்புதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அன்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது. சொன்னதைக் கேட்கிற பிள்ளையாய் இருக்கவேண்டும். முட்டை போட்ட பலகாரம் வேண்டாம், நான் மரக்கறிதான் சாப்பிடுவேன் என்றார் ரமாபாய். இது இன்னும் போகாத ஜாதிப் பெருமை என்று சகோதரிகள் நினைத்தார்கள். அணியக் கொடுத்த சிலுவையில் லத்தீன் எழுத்து இருந்தது. எனக்கும் என் ஜனங்களுக்கும் லத்தீன் அந்நிய பாஷை, சமஸ்கிருதத்தில் எழுதக்கூடாதா என்று கேட்டார். அதுவும் பெருமையாய்ப் போயிற்று. உபதேசத்தில் சந்தேகம் கேட்டால் கீழ்ப்படியாமை. மகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று தாய் தீர்மானிப்பது அகந்தை. இங்கிலாந்துக்காரர் இங்கிலாந்து சாப்பாட்டைச் சாப்பிட்டால் அது வழக்கம், இந்தியப் பெண் இந்திய சாப்பாட்டைக் கேட்டால் அது பெருமை. இது எப்படி நியாயம்?

பிறகு செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டே சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். அதன் தலைமை ஆசிரியை டொரதியா பீல் இங்கிலாந்துப் பெண்களின் கல்விக்காகப் பேர்போன அம்மா. 1885-ல், இந்தியாவுக்குப் போகப்போகும் ஆண் மாணவர்களுக்கும் ரமாபாய் பாடம் சொல்லலாமே என்று ஒரு யோசனை வந்தது. உடனே இந்தியாவில் ஊழியம் செய்த பிஷப்மார் தடுத்தார்கள். ஒரு பெண் ஆண்களுக்குக் கற்பித்தாள் என்று தெரிந்தால் இந்தியாவில் அவள் பேர் கெட்டுவிடுமாம். ஜெரால்டின் சகோதரியும் பிஷப்மார் பக்கம் நின்றார். இந்தியாவில் ஆண் பண்டிதர்கள் சபையிலே எழுந்து பேசி, பட்டம் வாங்கி வந்தவருக்கு, இந்தியர்கள் என்ன நினைப்பார்கள் என்று இங்கிலாந்தார் பாடம் எடுக்கிறார்கள்! என் ஜனங்களை எனக்குத் தெரியும், ஆலோசனையைக் கேட்பேன், ஆனால் என் மனசாட்சியைக் கர்த்தர் எனக்குக் கொடுத்திருக்கிறார், அதை மனுஷர் கையில் ஒப்படைக்கமாட்டேன் என்ற அர்த்தத்தில் ரமாபாய் கடிதம் கடிதமாய் எழுதினார். அந்தக் கடிதங்களை ஜெரால்டின் சகோதரியே சேர்த்துவைத்தார். 1977-ல் அவை புத்தகமாய் வந்தன.

அந்த இடத்தைப் படிக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டேன். பிஷப்மார் சொன்ன சாக்கும் நான் நம்ம சகோதரியிடம் சொன்ன சாக்கும் ஒன்றுதான். ஜனங்கள் என்ன சொல்லுவார்கள்.

1886-ல் அமெரிக்கா போனார். அவருடைய உறவுப் பெண் ஆனந்திபாய் ஜோஷி பிலதெல்பியாவில் டாக்டர் பட்டம் வாங்குவதைப் பார்க்கப் போனவர், இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கினார். 1887-ல் உயர்ஜாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். பாஸ்டனில் ரமாபாய் சங்கம் உண்டாகி, விதவைகள் பள்ளிக்குப் பத்து வருஷம் பணம் அனுப்ப ஒப்புக்கொண்டது. மதுவிலக்குப் பெண்கள் சங்கத் தலைவி பிரான்சஸ் வில்லார்ட் அவரைக் கட்டி அணைத்துக்கொண்டார்.

ஆனால் ரமாபாயின் கண் வேறு சிலவற்றையும் பார்த்தது. 1889-ல் தன் ஜனங்களுக்காக மராட்டியில் எழுதிய அமெரிக்கப் பயணப் புத்தகத்தில் அங்குள்ள பெண்களின் சங்கங்களை வாயாரப் புகழ்ந்தார். அதே புத்தகத்தில், அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் கறுப்பு ஜனங்களை வெள்ளையர் எப்படி வெறுக்கிறார்கள், அந்த மண்ணின் ஆதிக்குடிகளை எப்படித் துரத்தினார்கள் என்றும் எழுதினார். சோற்றைப் போட்டவர்கள் வீட்டுக் குறையையும் எழுதினார் பாருங்கள். அவர் கண்டது வீணல்ல. அதே வில்லார்ட் அம்மா 1890-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், கறுப்பு ஆண்களின் குடியினால் வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்து என்ற விதமாய்ப் பேசிவிட்டார். கறுப்பர்களைக் கும்பலாய்ப் பிடித்துத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதை ஊர் ஊராய் விசாரித்து எழுதிவந்த ஐடா வெல்ஸ் என்ற கறுப்புப் பெண் 1894-ல் அந்தப் பேட்டியை இங்கிலாந்திலேயே வெளியிட்டு நியாயம் கேட்டார். தூரத்து இந்திய விதவைக்காகக் கண்ணீர் வந்தது, பக்கத்துத் தெருக் கறுப்பு சகோதரிக்காக வரவில்லை. பெண்களுக்காகப் போராடின பெண்களுக்கே இந்தக் கண்மறைப்பு இருந்ததென்றால், நம்மைப்பற்றி என்ன சொல்ல.

ரமாபாய்க்கும் ஒரு கண்மறைப்பு இருந்தது. தோல் ஷாப்பில் கணக்கு எழுதிப் பிழைக்கிற நான் அதை மறைத்து எழுதினால் அது உண்மைச் சரித்திரம் ஆகாது. 1889 மார்ச் 11-ம் தேதி பம்பாயில் அவர் திறந்த சாரதா சதனம் உயர்ஜாதி விதவைகளுக்கான வீடு. அங்கே ஜாதி ஆசாரத்தைக் கைக்கொள்ள இடம் இருந்தது. நம்ம பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஜனங்களின் பெண்பிள்ளை ஒருத்தி அன்று அந்த வாசலில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

பள்ளி அடுத்த வருஷம் பூனாவுக்கு மாறியது. 1891 வாக்கில்தான் அவருக்கு உண்மையான மறுபிறப்பு. ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருஷம் கழித்து, மார்க்கத்தைக் கண்டேன், மார்க்கமாகிய கிறிஸ்துவையே இன்னும் காணவில்லையே என்று உணர்ந்து அவரிடம் சரணடைந்தார். சில பெண்கள் அவருடைய ஜெபத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். 1893-ல் பூனாவே கொந்தளித்தது. ஆலோசனைக் குழுவில் இருந்த இந்து பெரியவர்கள் விலகினார்கள், திலகரின் கேசரி பத்திரிகை தாக்கியது, பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். வெள்ளையருக்கு அவர் அடங்காத இந்தியச்சி. இந்தியருக்கு அவர் வெள்ளையரின் கைக்கூலி. இரண்டு பக்கமும் அடி. 1897-ல் பூனாவில் பிளேக் வந்தபோது, சர்க்கார் பிளேக் ஆஸ்பத்திரியில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து பத்திரிகையில் பகிரங்கமாய் எழுதினார். லண்டன் பார்லிமெண்ட் வரைக்கும் கேள்வி போயிற்று. கைக்கூலி இப்படி எழுதுவாளா?

1896-97 பஞ்சத்தில் தன் சொந்தப் பசி ஞாபகம் வந்து மத்திய மாகாணங்களுக்குப் போனார். எலும்பும் தோலுமாய்க் கிடந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். 1900-ல் குஜராத் பஞ்சம், மறுபடியும் போனார். இந்தத் தடவை எந்த ஜாதி என்று கேட்க நேரமில்லை. பூனாவுக்குக் கிழக்கே கேட்காவ் என்ற ஊரில் முக்தி மிஷன் எழும்பியது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். நெசவு, பயிர், பால் மாடு, எண்ணெய்ச் செக்கு, அச்சுக்கூடம், எல்லாம் பெண்கள் கையில். திருப்பதிக் காட்டில் கூலி வேலைக்கு வெட்கப்பட்ட குடும்பத்துப் பெண், இரண்டாயிரம் பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்தார். தேவன் ஜாதிப் பெருமையைப் பஞ்சத்தைக் கொண்டு உடைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முக்தியில் வெள்ளைக்கார சகோதரிகளும் வேலை செய்தார்கள். ஆனால் தலைவி ரமாபாய். மின்னி ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் சகோதரி ஒரு இந்தியப் பெண்ணின் கீழ் ஊழியம் செய்தார். மிஷன் பங்களாக்களில் அந்தக் காலத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்று பழைய சபைக்காரர்களைக் கேளுங்கள்.

1905 ஜனவரியில் எழுப்புதலுக்காகத் தினமும் ஜெபிக்கிற குழுவை ஆரம்பித்தார். எழுபது பேரோடு ஆரம்பித்தது ஐந்நூற்றுக்கு மேல் ஆயிற்று. ஜூன் கடைசியில் ஒரு விடியற்காலம் ஆவியானவர் இறங்கினார். ஒரு பெண்ணின்மேல் அக்கினியைக் கண்டு பக்கத்தில் இருந்தவள் தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீர் எடுக்க ஓடினாள் என்பது அங்கிருந்தவர்களின் சாட்சி. அல்லேலூயா! பெந்தெகொஸ்தே எழுப்புதல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவில் பிறந்தது என்றே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது 1906 ஏப்ரல். முக்தி அதற்குப் பத்து மாதம் முந்தியது. நம்ம திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் காலத்து எழுப்புதல் 1860. அசுசா தெருவை நடத்தின வில்லியம் சீமோரும் அடிமைகளாயிருந்தவர்களின் மகன், ஹூஸ்டனில் வெள்ளைக்கார போதகரின் வகுப்பில் உள்ளே உட்கார இடமில்லாமல் கதவுக்கு வெளியே இருந்து பாடம் கேட்டவர். ஆப்ராம்ஸ் சகோதரி 1906-ல் முக்தியில் நடந்ததைப் புத்தகமாய் எழுதி தென் அமெரிக்காவில் சிலி தேசத்திலிருந்த தன் சிநேகிதிக்கு அனுப்பினார். 1909-ல் அங்கே எழுப்புதல் பற்றி எரிந்தது. பஞ்சத்தில் பொறுக்கியெடுத்த நம்ம தேசத்துப் பெண்களின் ஜெபம், வெள்ளைக்கார சகோதரியின் பேனா. அந்தப் பெண்கள் கிராமம் கிராமமாய்ப் போய்ப் பிரசங்கித்தார்கள். யாரும் நிருபத்தைத் திறந்து காட்டித் தடுக்கவில்லை.

கடைசி வருஷங்களில் எபிரெயுவும் கிரேக்கும் கற்று, கிராமத்துப் பெண்ணுக்கும் புரிகிற மராட்டியில் வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்தார். எழுத்துக் கோத்து அச்சடித்தவர்களும் முக்திப் பெண்களே. 1921 ஜூலையில் ஒரே மகள் மனோரமா மரித்தார். 1922 ஏப்ரல் 5-ம் தேதி ரமாபாய் நித்திரையடைந்தார். 1989-ல் நம்ம சர்க்கார் அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது.

இதையெல்லாம் படித்து முடித்து, இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். சீக்கிரம் போயிருக்கவேண்டும், தைரியம் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன், ஞாயிறு ஆராதனையில் செய்தி கொடுக்கக் கேட்டேன். உடனே ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். கம்பெனியில் ஓவர்டைம் இல்லாத வாரமாய்ப் பார்க்கவேண்டும், மிரியாமைக் குறித்துப் பேசவேண்டும் என்றார். சால்வையெல்லாம் வேண்டாமாம். ஆனால் அமெரிக்க சகோதரிக்கு உட்கார்ந்ததுபோல மூப்பர்கள் எல்லாரும் முன்வரிசையில் கடைசிவரை உட்காரவேண்டுமாம். மூன்று மூப்பர்கள் சரி என்றிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.